இரண்டுபட்டது ஊரல்ல!

கர்நாடக யுத்தமும் கனவான்களின் சரித்திரமும்

“ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.” வெள்ளைக்காரன் இந்த நாட்டை எப்படிப் பிடித்தான் என்று கேட்டால், பள்ளிக்கூட வாத்தியார் முதல் மேடைப் பிரசங்கி வரை இந்தப் பழமொழியைத்தான் எடுத்து வீசுகிறார்கள். நமக்குள் ஒற்றுமை இல்லை. அண்ணன் தம்பி அடித்துக் கொண்டோம். அந்நியன் புகுந்து விட்டான். பாடம் முடிந்தது. பையன் பரீட்சை எழுதி ஐந்து மார்க்கும் வாங்கி விடுகிறான்.

“நமக்குள்” என்கிறார்களே, அந்த “நாம்” யார்? பாகூர் ஏரியின் கீழே நாற்று நட்டவளா? வில்லியனூர்ப் பக்கத்தில் தறியில் உட்கார்ந்தவனா? சங்கராபரணி ஆற்றங்கரையில் மாடு மேய்த்த பையனா? இவர்கள் எந்த அண்ணனோடு எந்தத் தம்பியோடு சண்டைக்குப் போனார்கள்? பாகூர்ப் பண்ணையாளுக்கும் பெண்ணையாற்றுக்கு அக்கரையில் இருந்த பண்ணையாளுக்கும் என்ன பகை? ஒருவன் ஏரை இன்னொருவன் பிடுங்கினானா?

கேட்டால் பதில் வராது. ஏனென்றால் அந்தச் சரித்திரத்தில் பண்ணையாளும் இல்லை, நெசவாளியும் இல்லை. நவாபு உண்டு, நிஜாம் உண்டு, துரை உண்டு, துரையின் சம்சாரம்கூட உண்டு. அடித்துக் கொண்டவர்கள் அவர்கள். பழி மட்டும் நம் தலையில்! செய்த குற்றத்தை மேலே உள்ளவன் செய்வான். “நாம் எல்லோரும் செய்தோம்” என்று கீழே உள்ளவனுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பான். கூலியில் ஒரு பங்கு கேட்டுப் பாருங்கள், கொடுப்பானா?

ஆகவே தோழர்களே, நம் கம்யூன்களின் மண்ணிலேயே நடந்த அந்த உள்நாட்டு யுத்தத்தைக் கொஞ்சம் நிதானமாகத் திருப்பிப் பார்ப்போம். இரண்டரை நூற்றாண்டு கடந்த சங்கதி நமக்கு எதற்கு என்று ஆலைத் தோழர் யாராவது கேட்கலாம். செத்துப்போன நவாபுக்காக நாம் அழப் போவதில்லை. உயிரோடு இருக்கிற பொய்யைப் பற்றித்தான் பேச்சு.

யார் யாரோடு மோதினார்கள்?

1748ல் ஐதராபாத் நிஜாம் ஆசப் ஜா செத்தான். கட்டிலுக்கு மகன் நாசர் ஜங் ஒரு பக்கம், பேரன் முசாபர் ஜங் ஒரு பக்கம். ஆற்காட்டிலும் அதே கதை. அங்கே அன்வருதீன் நவாபு. பழைய நவாபு தோஸ்து அலியின் மருமகன் சந்தா சாகிப், மராட்டியரிடம் பல வருஷம் கைதியாக இருந்து மீண்டு வந்து, நவாபு பட்டம் எனக்குத்தான் என்றான். முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் கூட்டுச் சேர்ந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் கவர்னர் டூப்ளே அவர்களுக்குப் படை கொடுத்தான். 1749 ஆகஸ்டு 3ந் தேதி ஆம்பூர்ச் சண்டையில் அன்வருதீன் கொல்லப்பட்டான். அவன் மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடிக் கோட்டைக்குள் புகுந்து கொண்டான். ஆங்கிலக் கம்பெனி அவனுக்குப் படை கொடுத்தது.

இதைத்தான் “இரண்டாம் கர்நாடகப் போர்” என்று பாடப் புத்தகம் சொல்கிறது. எதற்காகப் போர்? பட்டத்துக்காக என்பார்கள். பட்டம் என்றால் என்ன? தலையில் வைக்கும் ரத்தினமா? நெல்லில் பாதிக்கு மேல் மேல்வாரமாக அள்ளிக்கொண்டு போகிற உரிமை! கிராமத்தில் விளைந்ததில் இராஜாவின் பங்கு மேல்வாரம், பயிரிட்டவன் பங்கு குடிவாரம். அந்த மேல்வாரத்தை யார் வசூலிப்பது என்பதுதான் இரண்டு குடும்பங்களின் வழக்கு. குடிவாரத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சந்தா சாகிபும் சொல்லவில்லை, முகம்மது அலியும் சொல்லவில்லை. இரண்டு ஓநாய்கள் ஓர் ஆட்டுக்காகச் சண்டை போட்டால், ஆட்டு மந்தை இரண்டுபட்டது என்றா சரித்திரம் எழுதுவது?

இன்னொரு கூட்டம் இன்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது. அந்தக் கால யுத்தம் எல்லாம் மதச் சண்டை, துருக்கர் ஒரு பக்கம் இந்துக்கள் ஒரு பக்கம் என்று கிராமம் கிராமமாக ஓதுகிறது. இந்த மகானுபாவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். பட்டம் கேட்ட இருவரும் முஸ்லிம்கள். மைசூர் தளவாய் நஞ்சராஜன், திருச்சியைத் தருகிறேன் என்ற வாக்கை நம்பி முகம்மது அலிக்காகப் படையோடு வந்தான். திருச்சி கிடைக்கவில்லை என்றதும் பிரெஞ்சுக்காரர் பக்கம் போனான். மராட்டியத் தலைவன் முராரி ராவ் முதலில் ஆங்கிலேயர் பக்கம், பிறகு பிரெஞ்சுக்காரர் பக்கம். தஞ்சாவூர் மராட்டிய ராஜா முகம்மது அலியின் கட்சி. 1752 ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்ட சந்தா சாகிப், உயிருக்கு உத்தரவாதம் என்ற சத்தியத்தை நம்பித் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் வந்தான். தலை வெட்டப்பட்டது; முகம்மது அலிக்கு அனுப்பி வைக்கப்பட்டது. ஸ்ரீரங்கம் கோயில் மதிலுக்குள் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் முகாம் போட்டிருந்தன. பின்னால் 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூருக்குப் போகும் வழியில் கீவளூர்க் கோயிலைப் புதையலுக்காகத் தோண்டினான். ஒற்றர்கள் என்று சொல்லிப் பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டான். இதில் எங்கே ஐயா மதம்? வெள்ளி நாணயத்துக்கு ஏது குலமும் கோத்திரமும்!

சமாதானத்தில் ஒரு சண்டை

இப்போது பாகூருக்கு வருவோம். பாகூர்ச் சண்டை என்று ஒன்று நடந்தது. சரித்திரப் புத்தகங்களில் அதற்கு இரண்டு வரி கிடைக்கும். ஆங்கிலேயர் புத்தகத்தில் 1752 ஆகஸ்டு 26, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 6. இரண்டும் ஒரே நாள்தான். அப்போது ஆங்கிலேயரின் பஞ்சாங்கம் பதினொரு நாள் பின்தங்கி இருந்தது. நமக்கு ஆவணி மாதம்.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1748லேயே ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான உடன்படிக்கை போட்டாகி விட்டது. மறுபடி யுத்தப் பிரகடனம் 1756ல்தான். நடுவில் இரண்டு தேசங்களும் பரம சிநேகம்! லண்டனிலும் பாரிசிலும் தூதர்கள் விருந்து சாப்பிட்டுக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் பாகூரில் ஒருவன் நெஞ்சில் ஒருவன் பயனெட்டைப் பாய்ச்சுகிறான். இது எப்படி? “நாங்கள் சண்டை போடவில்லை, நவாபு முகம்மது அலிக்கு ஒத்தாசைதான் செய்கிறோம்” என்றது ஆங்கிலக் கம்பெனி. “நாங்களும் அப்படித்தான், எங்கள் நவாபுக்கு ஒத்தாசை” என்றது பிரெஞ்சுக் கம்பெனி. அவர்களுடைய நவாபு சந்தா சாகிபின் தலை போய் மாதங்கள் ஆகிவிட்டன! எஜமான் செத்தான், ஒத்தாசை சாகவில்லை.

ஆங்கிலத் தளபதி லாரன்சுக்கு மேலிடத்து உத்தரவு என்ன தெரியுமா? பிரெஞ்சுக்காரரின் பழைய எல்லைக்குள் நுழைந்து தாக்காதே. ஏன்? தேசங்கள் சமாதானத்தில் இருக்கின்றன அல்லவா! புதுச்சேரித் துரைமார் வீட்டுக் கண்ணாடி உடையக் கூடாது. பாகூர் வயல் உடையலாம். லாரன்ஸ் பின்வாங்குவதுபோல் பாகூருக்கு நகர்ந்தான், டூப்ளேயின் உறவுக்காரன் கெர்ஜான் பின்தொடர்ந்து வந்தான், விடியுமுன் சண்டை. கெர்ஜான் கைதியானான். ஆங்கிலேயருக்கு வெற்றி.

இரு தரப்பிலும் வெள்ளைச் சிப்பாய்கள் நானூறு, ஐநூறு பேருக்குள்தான். கறுப்புச் சிப்பாய்கள் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. ஆனால் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளை ஆபீசர் இத்தனை பேர் காயம், இத்தனை பேர் கைதி என்று விரல் விட்டு எண்ணியிருப்பான். கறுப்புச் சிப்பாய்க்கு வந்தால் பேனா மை வற்றிவிடும். அந்த வயல் யாருடையது, அந்தச் சம்பா என்ன ஆயிற்று, படையின் பீரங்கியை இழுத்த மாடு யார் வீட்டு மாடு? இந்தக் கணக்கு எந்த நூலிலும் தலைப்பாகக்கூட இல்லை.

பாகூர் இருக்கும் இடத்தை மனதில் வையுங்கள். வடக்கே நடக்கும் தூரத்தில் புதுச்சேரி, பிரெஞ்சுக் கோட்டை. தெற்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர், தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலக் கோட்டை. வண்டிப் பாதை பாகூர் வழியே. எந்தப் படை எங்கே போனாலும் இந்த நெல்லைத் தின்று, இந்த வைக்கோலைப் பிடுங்கித்தான் போக முடியும். சரித்திரம் அவர்களுக்கு நட்டுவைத்த விதி அல்ல இது. இரண்டு கொள்ளைக் கிடங்குகளுக்கு நடுவே ஊர் மாட்டிக் கொண்டது.

யார் பணம்?

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரன் கைக்கு எப்படி வந்தன? வாளால் பிடித்தானா? இல்லை. ஆம்பூர் வெற்றிக்குப் பிறகு சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் புதுச்சேரிக்கு விருந்தாளியாக வந்தார்கள். செய்த உதவிக்குக் கூலியாக இந்த வட்டாரக் கிராமங்களைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஏரி, குளம், களத்துமேடு, அதில் உழைக்கிற ஆள் எல்லாம் சேர்த்து ஒரு காகிதத்தில். பிறகு டூப்ளேக்கே தனியாக வழுதாவூர் ஜாகீர். வில்லியனூர்க்காரருக்கு வழுதாவூர் எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டூப்ளேக்காகக் கண்ணீர் விடுகிற சரித்திராசிரியர்கள் பலர் உண்டு. பாவம், கம்பெனிக்காகத் தன் சொந்தப் பணத்தைக் கொட்டினாராம். 1754ல் திருப்பி அழைக்கப்பட்டாராம். கொடுத்த பணம் கேட்டு வழக்காடி 1763ல் பாரிசில் வறுமையில் செத்தாராம். எவ்வளவு உருக்கமான கதை! ஆனால் ஒரு சின்னக் கேள்வி. சம்பளம் வாங்கும் கம்பெனி உத்தியோகஸ்தனுக்கு ஒரு யுத்தத்தையே நடத்துகிற அளவுக்குச் சொந்தப் பணம் ஏது? வியாபாரத்தில் வந்தது, ஜாகீரில் வந்தது, நசராக வந்தது, கர்நாடகக் கிராமங்களின் வரி வசூலில் வந்தது. அதாவது குடியானவன் மடியிலிருந்து அவிழ்த்ததை அவன் தலைமேலேயே பீரங்கிக் குண்டாகத் திருப்பிப் போட்டுவிட்டு, என் பணம் போச்சே என்று அழுதான். இப்படி அழும் முதலாளியை ஆலைத் தோழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுமா?

ஜெயித்த கட்சியின் கதை இதைவிட நாற்றம். முகம்மது அலி நவாபு ஆனான். ஆங்கிலேயரின் யுத்தச் செலவு அவன் தலையில் கடனாக ஏறிற்று. கடனுக்கு ஈடாகச் சீமை சீமையாக வரி வருமானத்தை எழுதிக் கொடுத்தான்; செங்கல்பட்டுச் சீமை 1763ல் ஜாகீராகப் போயிற்று. சென்னைத் துரைமார்கள் கொடுத்ததும் கொடுக்காததுமாகக் கடன்பத்திரம் தயாரித்தார்கள். பால் பென்பீல்டு என்ற ஆசாமி அதிலேயே கோடீசுவரன் ஆனான். 1785ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் எழுந்து இந்த ஆற்காட்டுக் கடன் மோசடியைக் கிழித்துக் காட்டினார். 1801ல் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி விழுங்கிய பிறகு உட்கார்ந்து பத்திரங்களை விசாரித்தபோது, பெரும்பகுதி பொய்க் கணக்கு என்று அவர்களுடைய கமிஷனே கண்டது. பொய்க் கடனுக்கு வட்டி கட்டியது யார்? நவாபு மாளிகையில் விளைந்தா கட்டினான்?

ஊர் என்பதும் ஒரே சதை அல்ல என்பதை மறக்க வேண்டாம். மேலே கம்பெனி நெருக்கினால் அமல்தார் குத்தகைக்காரனை நெருக்குவான், குத்தகைக்காரன் மிராசுதாரை, மிராசுதார் தன் வாய்க்குப் போகிற கவளத்தைக் குறைத்துக் கொள்ள மாட்டான், பண்ணையாளின் படியைத்தான் குறைப்பான். கடைசிப் படியில் நிற்கிறவனுக்குக் கீழே தள்ள ஆள் கிடையாது.

எட்டு நாள்

1760ம் வருஷம். வந்தவாசியில் ஜனவரி 22ந் தேதி லாலி தோற்றான். ஆங்கிலத் தளபதி கூட் ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு வந்தான். ஜூலையில் வில்லியனூர்க் கோட்டை விழுந்தது. புதுச்சேரி முற்றுகை. உள்ளே உணவு தீர்ந்து கொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் லாலி ஓர் உத்தரவு போட்டான்: வெள்ளைக்காரரின் வேலைக்காரர்கள் சிலரைத் தவிர, நகரத்தில் மிஞ்சியிருக்கிற கறுப்பு மனிதர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஆணும் பெண்ணும், கிழமும் குழந்தையும், 1400 பேர் என்று ஆங்கிலேயர் எழுதிய சரித்திரம் சொல்கிறது. இவர்களுடைய தெருவும் இவர்கள் கட்டிய வீடும்தான் அந்த நகரம்!

வெளியே வந்தார்கள். ஆங்கிலேயர் வழிவிட மறுத்தார்கள். இவர்கள் திரும்பி உள்ளே போனால் உள்ளே இருக்கிறவர்களின் உணவு சீக்கிரம் தீரும், கோட்டை சீக்கிரம் விழும் என்பது அவர்கள் யுத்த தந்திரம். திரும்பிக் கோட்டை வாசலுக்கு வந்தால் பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு துப்பாக்கி, அந்தப் பக்கம் ஒரு துப்பாக்கி, நடுவே வெட்டவெளி. ஐப்பசி கார்த்திகை மழைக் காலம். புல்லின் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, எட்டு நாள். கோட்டை வாசல் இனித் திறக்காது என்று தெரிந்த பிறகுதான் கூட் வழிவிட்டான். அதையும் துரையின் “கருணை” என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

அந்த எட்டு நாளும் அங்கே இரண்டு கட்சி இருந்தது, தோழர்களே. ஒரு பக்கம் பிரெஞ்சுத் துப்பாக்கியும் ஆங்கிலத் துப்பாக்கியும். இன்னொரு பக்கம் அந்த 1400 பேர். பாடப் புத்தகத்தின் “ஆங்கிலேய பிரெஞ்சுப் போட்டி” அந்த வெட்டவெளியில் எங்கே இருந்தது?

1761 ஜனவரி 16ந் தேதி புதுச்சேரி சரணடைந்தது. கடலூரில் தேவனாம்பட்டினம் கோட்டையை லாலி இடித்திருந்தான். அதற்குப் பழிக்குப் பழி என்று புதுச்சேரியை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். லாலிக்குப் பாரிசில் 1766ல் தலை போயிற்று. மன்னனுக்கும் நாட்டுக்கும் துரோகம் செய்தான் என்று குற்றச்சாட்டு. அந்த 1400 பேரைப் பற்றி அல்ல.

பிறகு 1783. வெர்சேல்ஸ் உடன்படிக்கை. அதில் ஒரு ஷரத்து: புதுச்சேரியைச் சுற்றிச் சார்பு நிலமாக இருக்க வில்லியனூர், பாகூர் இரண்டு வட்டாரங்களையும் பிரான்சு மன்னருக்குக் கிடைக்கும்படி இங்கிலாந்து மன்னர் ஏற்பாடு செய்வார். நம் ஊர்ப் பெயர் ஐரோப்பிய ராஜாக்களின் பத்திரத்தில் ஏறிவிட்டது என்று பெருமைப்பட வேண்டியதுதான்! பசுவை விற்கும்போது கன்றும் சேர்த்தி என்று எழுதுவதுபோல. கடலூருக்குப் போகிற பேருந்தில் ஏறினால் புதுச்சேரி எல்லை, தமிழ்நாடு எல்லை, மறுபடி புதுச்சேரி எல்லை என்று பலகை மாறி மாறி வருகிறதே, அந்தக் கந்தல் எல்லையின் நூல் இந்த யுத்தத்திலிருந்து வருவது. எந்த ஊர்க் குடியானவனும் போட்ட கோடல்ல அது.

பண்டிதர்களின் பேனா

இந்த யுத்தத்தை எழுதியவர்கள் யார்? முதலாவது ராபர்ட் ஆர்ம், ஆங்கிலக் கம்பெனியின் ஆள். 1763ல் முதல் பாகம். பிறகு மெக்காலே, 1840ல் கிளைவைப் பற்றி; டூப்ளேயின் மூளையில் பிறந்த சாம்ராஜ்யத் திட்டத்தைக் கிளைவ் நிறைவேற்றினான் என்று ஒரு வீரகாவியம். 1868ல் மாலிசன் என்ற ஆங்கில ராணுவக்காரர், தோற்ற பிரெஞ்சுக்காரருக்காகப் பரிந்து எழுதினார். புதுச்சேரியில் கவர்னராகவே இருந்த மார்த்தினோ 1920லிருந்து டூப்ளேயைப் பற்றி நான்கு பெரிய பாகங்கள் எழுதினார். டூப்ளேக்கு ஆரம்பத்திலேயே திட்டம் இருந்ததா, போகப் போக வந்ததா என்று பண்டிதர்களிடையே பெரிய வாக்குவாதம். திருடனுக்குத் திருட்டு யோசனை வீட்டிலேயே வந்ததா, ஓட்டைப் பிரித்த பிறகு வந்ததா என்று பட்டிமன்றம்! அவர்களிடம் உழைப்பு உண்டு, ஆவணம் உண்டு. இல்லையென்று சொல்வது நியாயமல்ல. நாம் மேலே சொன்ன விவரங்களில் பலவும் அவர்கள் தோண்டி எடுத்தவைதான். தோண்டியவன் எந்தப் பக்கம் மண்ணைத் தள்ளினான் என்பதே கேள்வி.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் அல்ல. அமெரிக்காவில் 1861லிருந்து 1865 வரை உள்நாட்டு யுத்தம். பருத்திக் காட்டு அடிமைகளை வைத்துக்கொள்ளும் உரிமைக்காகத் தென்மாநிலப் பண்ணை முதலாளிகள் தொடுத்த யுத்தம். தோற்ற பிறகு என்ன செய்தார்கள்? பேனாவைப் பிடித்தார்கள். அடிமைத்தனத்துக்காகச் சண்டை போடவில்லை, மானத்துக்காகப் போட்டோம் என்று இரண்டு தலைமுறை எழுதினார்கள். பெரிய சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததே தவறு என்று எழுதி அதைச் சாஸ்திரமாக்கினார்கள். 1935ல் டுபாய்ஸ் என்ற கறுப்பு அறிஞர் எழுந்தார். லட்சக்கணக்கான அடிமைகள் பண்ணை வேலையை விட்டுவிட்டு வடபடை இருந்த இடத்துக்கு ஓடினார்களே, அது என்ன? பொது வேலைநிறுத்தம்! யுத்தத்தின் முடிவைத் தீர்மானித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நிலைநாட்டினார். பண்டித உலகம் அதை ஒப்புக்கொள்ளப் பல வருஷங்கள் பிடித்தன. அதே ஆவணங்கள்தான், பார்த்த கண் வேறு.

நம் பக்கத்தில் அப்படிப் பார்க்கக் கைவசம் என்ன இருக்கிறது? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. டூப்ளேயின் துபாஷாக இருந்தவர், பெரிய வணிகர். 1736லிருந்து ஏறத்தாழ சாகும்வரை தமிழில் எழுதினார். கோட்டை விழுவதற்கு நான்கு நாள் முன்பு, 1761 ஜனவரி 12ந் தேதி செத்தார். அவர் நம் வர்க்கத்து ஆள் அல்ல. துரை முகம் சுளித்ததா மலர்ந்ததா என்பதே அவருக்குப் பெரிய கவலை. ஆனாலும் கண்டதைக் கண்டபடி, விலைவாசி முதல் வீட்டுச் சண்டை வரை எழுதிய கை. அந்தத் தமிழ் நூலுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 1846ல் கண்டெடுக்கப்பட்டது. 1904லிருந்து 1928 வரை இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு பன்னிரண்டு பாகம் வந்துவிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948ல்! தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழன் படிக்க, இங்கிலீஷ்காரன் படித்து முடித்து இருபது வருஷம் காத்திருக்க வேண்டும். டூப்ளேக்குச் சிலை 1870லேயே வந்துவிட்டது; இன்றும் கடற்கரையில் நிற்கிறது; சுற்றுலாக்காரர்கள் படம் பிடித்துக் கொள்கிறார்கள். அந்த எட்டு நாள் புல்கிழங்கு தின்றவர்களுக்கு?

ஒற்றுமை உபதேசம்

மார்க்ஸே அப்படித்தானே சொன்னார் என்று நம் தோழர்களில் சிலர் குறுக்கே கேட்பதுண்டு. 1853ல் நியூயார்க் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில், மொகலாயர் பலத்தை அவர்களது சுபேதார்கள் உடைத்தார்கள், அவர்களை மராட்டியர் உடைத்தார்கள், எல்லோரும் எல்லோரோடும் மோதும்போது ஆங்கிலேயன் புகுந்தான் என்ற கருத்தை எழுதினார். ஆம், எழுதினார். யார் யார் பெயரைச் சொல்கிறார் என்று பாருங்கள். பேரரசர்கள், சுபேதார்கள், படைத் தலைவர்கள். மோதினவர்களின் பெயரைச் சொல்லித்தான் மோதினார்கள் என்கிறார். சாதியாலும் கிராமத் தனிமையாலும் மக்கள் பிரிந்து கிடந்ததையும் அவர் மறைக்கவில்லை. பண்ணையாளும் பண்ணையாளும் கைகோக்க முடியாதபடி சேரியையும் ஊரையும் பிரித்து வைத்தவர்கள் யார்? அந்தப் பிரிவினையைப் பற்றி நம் ஒற்றுமைப் பிரசங்கிகள் வாய் திறக்கிறார்களா?

திறக்க மாட்டார்கள். அவர்கள் கேட்கும் ஒற்றுமை வேறு. கூலி உயர்வு கேட்டால், “நாமெல்லாம் ஒரே ஊர், பிளவு வேண்டாம்.” ஆலை வாசலில் கொடி பிடித்தால், “நகரத்தின் பெயர் கெடும், ஒற்றுமையாக இருப்போம்.” நிலம் மனையாகப் போகிறதே, உழுதவனுக்கு என்ன என்றால், “எல்லோரும் ஒன்றுபட்டு முன்னேறுவோம்.” நவாபுகள் காலத்துப் பாடத்தை ஏன் இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றுகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

சரி, ஊர் உண்மையாகவே ஒன்றுபட்ட ஒரு நாளும் புதுச்சேரி சரித்திரத்தில் உண்டு. 1936. சவானா, ரோடியர், கப்ளே ஆலைகளின் தொழிலாளர்கள் ஒரே சங்கமாக நின்றார்கள். சேரியும் ஊரும் ஒரே வாசலில் உட்கார்ந்தது. அன்று கூத்தாடி என்ன செய்தான்? கொண்டாட்டம் இல்லையே என்று வீட்டுக்குப் போனானா? ஜூலை 30ந் தேதி துப்பாக்கி எடுத்தான். 12 தொழிலாளர்கள் பிணமானார்கள். மறு வருஷம், 1937ல், எட்டு மணி வேலை நேரம் சட்டமாயிற்று. அந்த ஆலைகள் இன்று இல்லை; ஏ.எப்.டி. ஆலை 2020ல் மூடப்பட்டது. ஆனால் எட்டு மணி நேரம் என்பது எந்த நவாபும் எழுதிக் கொடுத்த காகிதம் அல்ல என்பதை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஜூலை 30ந் தேதியும் தியாகிகள் கூட்டத்துக்கு வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் தோழர்கள் வருகிறார்கள். வருகிற கூட்டத்தில் 1936ஐச் சொல்லும்போது 1760 நவம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயதான விவசாயத் தொழிலாளிகள் தங்கள் ஊர்க் கோட்டை மேடு, படை வந்த பாதை, பீரங்கிக் குண்டு கிடைத்த வயல் என்று சொல்லக் கேள்விப்பட்டது ஏதாவது இருந்தால், ஊர்ப் பெயரோடு எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை, நாங்கள் திருத்திக் கொள்கிறோம்.